கூட்டாகத் தந்த வாக்கு, தனித்தனிக் கருவூலங்கள்

டென்மார்க்கில் ஈஸ்டருக்குப் பின்வரும் நான்காம் வெள்ளிக்கிழமை 1686-ஆம் ஆண்டு முதல் 'பெரும் பிரார்த்தனை நாள்' என்ற பெயரில் கடைப்பிடிக்கப்பட்டு, பொது விடுமுறையாக இருந்து வந்தது. 2023 பிப்ரவரி 28 அன்று அந்நாட்டு நாடாளுமன்றம் 95-க்கு 68 என்ற வாக்குகளில் அந்த விடுமுறையை நீக்கியது. அதற்கு அரசு சொன்ன காரணம் படைச் செலவு. ஆண்டில் ஒரு நாள் கூடுதலாக மக்கள் வேலை செய்தால் கருவூலத்துக்குச் சுமார் 300 கோடி குரோனர் கூடுதலாக வரும் என்றும், பாதுகாப்புச் செலவை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2 சதவீதமாக்கும் இலக்கை 2033-க்குப் பதிலாக 2030-லேயே எட்ட அது உதவும் என்றும் அரசு கணக்குக் காட்டியது. தொழிற்சங்கங்கள் இலட்சக்கணக்கான கையெழுத்துகளைத் திரட்டின. தலைநகர் கோபன்ஹேகனில் பல்லாயிரம் பேர் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தனர்.

இந்த எதிர்ப்பைப் போருக்கு எதிரான மனநிலை என்றோ, அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த நேட்டோ படைக் கூட்டணிமீது கொண்ட வெறுப்பு என்றோ படிப்பது தவறாகும். அதற்கு ஒன்பது மாதங்களுக்கு முன்புதான், 2022 ஜூன் 1 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில், ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்புக் கொள்கையிலிருந்து பல்லாண்டுகளாக விலகி நின்ற நிலையைக் கைவிடுவதற்கு 66.9 சதவீத வாக்காளர்கள் ஆதரவளித்திருந்தனர். பிறரோடு சேர்ந்து தற்காத்துக்கொள்ள வேண்டும் என்பதை மக்கள் ஏற்றுக்கொண்டார்கள். அதற்கான விலையை எப்படித் தருவது என்பதைத் தங்களிடம் கேளாமல், அதே ஆண்டு நவம்பரில் நடந்த தேர்தலின் பரப்புரையில் எடுத்துரைக்காமல், தேர்தல் முடிந்தபின் பல கட்சிகள் சேர்ந்த கூட்டணி அரசின் செயல்திட்டத்தில் எழுதிவைத்ததைத்தான் அவர்கள் ஏற்கவில்லை.

கூட்டுப் பாதுகாப்பு என்ற ஏற்பாட்டின் உள்ளேயே இருக்கும் இழுபறி இந்த ஒரு நிகழ்வில் முழுமையாகத் தெரிகிறது. வாக்குறுதி கூட்டாகத் தரப்படுகிறது. அதை நிறைவேற்றும் பணமோ ஒவ்வொரு நாட்டின் நாடாளுமன்றத்திலும், அந்நாட்டு வாக்காளர்களின் சம்மதத்தோடு, அந்நாட்டின் கடன் வரம்புக்குள் தனித்தனியாக ஒதுக்கப்பட வேண்டியிருக்கிறது. இந்த மூன்றில் எதையும் விட்டுவிட முடியாது என்பதே என் கருத்து. ஆனால் கடந்த சில ஆண்டுகளில் ஐரோப்பிய அரசுகள் நடுவில் உள்ள சம்மதத்தைத்தான் எளிதாகத் தாண்டிச் செல்லப் பார்த்திருக்கின்றன. அதன் விளைவுகளை விளங்கிக்கொள்ள, இந்த ஏற்பாடு எப்படி அமைக்கப்பட்டது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

1949 ஏப்ரல் 4 அன்று வாஷிங்டனில் 12 நாடுகள் கையெழுத்திட்ட வட அட்லாண்டிக் ஒப்பந்தமே நேட்டோவின் அடிப்படை. அது மிகச் சிறியது. மொத்தம் 14 பிரிவுகளே அதில் உள்ளன. ஓர் உறுப்பு நாட்டின்மீது நடக்கும் தாக்குதலை எல்லார்மீதும் நடந்த தாக்குதலாகக் கருத வேண்டும் என்று சொல்லும் 5-ஆம் பிரிவை அனைவரும் அறிவர். அதே பிரிவு, ஒவ்வொரு நாடும் தான் தேவையெனக் கருதும் நடவடிக்கையை எடுக்கும் என்றும் சொல்கிறது. அதாவது என்ன செய்வது என்ற முடிவு அந்தந்த நாட்டிடமே விடப்பட்டுள்ளது. 11-ஆம் பிரிவு, ஒப்பந்தத்தின் விதிகளை நாடுகள் தத்தம் அரசமைப்பு நடைமுறைகளின்படியே நிறைவேற்றும் என்று கூறுகிறது. போர் தொடுக்கும் அதிகாரத்தைத் தன்னிடமிருந்து எவரும் பறித்துவிடக் கூடாது என்பதில் அமெரிக்க செனட் காட்டிய கவனமே இத்தகைய சொற்கள் இடம்பெற முக்கியக் காரணம். அதிகம் பேசப்படாத 3-ஆம் பிரிவு, ஒவ்வொரு நாடும் தன் முயற்சியாலும் பிறர் உதவியாலும் தாக்குதலைத் தாங்கும் ஆற்றலைப் பேணி வளர்க்க வேண்டும் என்கிறது. எவ்வளவு செலவிட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எங்கும் எழுதப்படவில்லை. 2 சதவீதம், 5 சதவீதம் என்று இன்று பேசப்படும் எண்கள் யாவும் தலைவர்கள் மாநாடுகளில் ஒப்புக்கொண்ட அரசியல் உறுதிமொழிகளே; எந்த நீதிமன்றமும் அவற்றைச் செயல்படுத்தச் சொல்லி ஆணையிட முடியாது.

நேட்டோவுக்கு ஐரோப்பிய நாடுகள் 'பாக்கி' வைத்திருப்பதாக அடிக்கடி சொல்லப்படுவதும் இந்த அமைப்பைத் தவறாகப் புரிந்துகொள்வதால் வருவதுதான். உறுப்பு நாடுகள் சந்தாவாகச் செலுத்தும் பொதுநிதி ஒன்று உண்மையாகவே இருக்கிறது. தலைமையகம், கூட்டுப் படைத் தலைமைகள், வான்வழிக் கண்காணிப்பு விமானங்கள், எரிபொருள் குழாய்கள், விமானத் தளங்கள் போன்றவற்றுக்கு அது பயன்படுகிறது. 2025-இல் அதன் அளவு சுமார் 460 கோடி யூரோ. அவ்வாண்டு அமெரிக்காவும் ஜெர்மனியும் தலா 16 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகத் தந்தன. மற்ற நாடுகளின் பங்கு அவற்றின் தேசிய வருமானத்தை அடிப்படையாகக் கொண்டு கணக்கிடப்படுகிறது. ஆனால் இந்த நிதி, உறுப்பு நாடுகள் அனைத்தும் சேர்ந்து படைகளுக்குச் செலவிடும் தொகையில் ஏறத்தாழ 0.3 சதவீதம் மட்டுமே. எஞ்சிய 99.7 சதவீதமும் ஒவ்வொரு நாடும் தன் சொந்தப் படைக்குத் தன் சொந்த பட்ஜெட்டிலிருந்து செலவிடுவது. கூட்டுப் பாதுகாப்பின் சுமை என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இந்தத் தனித்தனிச் செலவுகளின் கூட்டுத்தொகைதான்.

உண்மையிலேயே ஒரே பட்ஜெட், ஒரே படை என்று அமைக்க ஒருமுறை முயன்று பார்த்தார்கள். 1952 மே 27 அன்று பாரிஸில் பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஆறு நாடுகள் ஐரோப்பியப் பாதுகாப்புச் சமூகத்தை உருவாக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பொதுவான சீருடை, பொதுவான கொள்முதல், பொதுவான நிதி ஆகிய அனைத்தும் அதில் இருந்தன. நான்கு நாடுகள் ஒப்புதல் அளித்தன. அந்தத் திட்டத்தை முன்மொழிந்த பிரான்ஸின் தேசிய அவையே 1954 ஆகஸ்ட் 30 அன்று 319-க்கு 264 என்ற வாக்குகளில், ஒப்பந்தத்தின் உட்பொருளை முழுதாக விவாதிக்கக்கூடச் செய்யாமல், ஒரு நடைமுறைத் தீர்மானத்தின் மூலம் அதை முடித்துவைத்தது. படையையும் அதற்கான பணத்தையும் தன் கைவிட்டுப் போக அந்த நாடாளுமன்றம் சம்மதிக்கவில்லை. இன்று ஐரோப்பிய ராணுவம் ஒன்று வேண்டும் என்று பேசுகிற எவரும் இந்த வாக்கெடுப்பை நினைவில் வைத்திருப்பது நல்லது.

பணம் தனித்தனியாகவும் பாதுகாப்பு பொதுவாகவும் இருக்கும்போது, ஒவ்வொரு நாட்டுக்கும் பின்தங்கி நிற்க ஒரு தூண்டுதல் எழுகிறது. பொருளியல் அறிஞர்களான மான்கர் ஓல்சனும் ரிச்சர்ட் செக்ஹவுசரும் 1966-இல் இதை ஒரு கோட்பாடாகவே வகுத்துக் காட்டினார்கள். எதிரியை அச்சுறுத்தித் தடுக்கும் வலிமையைப் பெரிய நாடு உருவாக்கிவிட்டால் அதன் பயன் சிறிய நாட்டுக்கும் குறையாமல் கிடைக்கிறது. ஆகவே சிறிய நாடு தன் பங்கைக் குறைத்துக்கொள்வதும், பெரிய நாடு தன் அளவுக்கு மீறிய பங்கைச் சுமப்பதும் இயல்பாக நிகழும் என்பது அவர்களின் முடிவு. பின்தங்குபவரை ஒழுக்கம் கெட்டவர் என்று ஏசுவதில் பயனில்லை என்பதும் இதிலிருந்து தெரிகிறது. தன் வாக்காளருக்குப் பொறுப்பான ஓர் அரசு, பக்கத்து வீட்டுக்காரரின் காவலில் தனக்கும் காப்பு கிடைக்கும்போது, மருத்துவமனைக்கோ ஓய்வூதியத்துக்கோ பணத்தைத் திருப்புவது அதன் பார்வையில் நியாயமான தேர்வே. அந்தத் தேர்வு எல்லா நாடுகளிலும் ஒரே சமயத்தில் நிகழும்போதுதான் கூட்டணி மெலிகிறது.

இந்தச் சிக்கல் டொனால்ட் டிரம்ப்போடு பிறந்தது அன்று. 1952 பிப்ரவரியில் லிஸ்பனில் கூடிய நேட்டோ நாடுகள், இரண்டே ஆண்டுகளில் 96 படைப்பிரிவுகளை உருவாக்குவதாக முடிவெடுத்தன. போரிலிருந்து மீண்டுகொண்டிருந்த பொருளாதாரங்களால் அதைத் தாங்க முடியவில்லை. இலக்கு கைவிடப்பட்டு, அதன் இடத்தை அமெரிக்க அணு ஆயுதங்கள் நிரப்பின. 1971-இல், ஐரோப்பாவில் நிறுத்தப்பட்டிருந்த அமெரிக்கப் படைகளைப் பாதியாகக் குறைக்கச் சொல்லி செனட்டர் மைக் மான்ஸ்ஃபீல்ட் கொண்டுவந்த திருத்தம் 61-க்கு 36 என்ற வாக்குகளில் தோற்றது. 1977-இல் நேட்டோ நாடுகள் ஆண்டுதோறும் விலைவாசி உயர்வு நீங்கலாக 3 சதவீதம் செலவை உயர்த்துவது என்று உறுதி பூண்டார்கள். பல நாடுகள் அதைத் தொடர்ந்து நிறைவேற்றவில்லை. ஒவ்வொரு முறையும் எண் மேசையில் வைக்கப்பட்டது, ஒவ்வொரு முறையும் உள்நாட்டு பட்ஜெட் அதை மெல்லக் கரைத்தது.

இன்று பேசப்படும் 2 சதவீத அளவுகோலை 2006-இல் பாதுகாப்பு அமைச்சர்கள் வழிகாட்டுதலாக ஒப்புக்கொண்டார்கள். ரஷ்யா கிரைமியாவைக் கைப்பற்றிய 2014-இல், செப்டம்பரில் வேல்ஸில் கூடிய தலைவர்கள், பத்தாண்டுகளில் அந்த அளவை நோக்கி நகர முயல்வதாக அறிவித்தனர். செலவில் 20 சதவீதமாவது பெரிய தளவாடங்களுக்குப் போக வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டனர். அப்போது 2 சதவீதத்தை எட்டியிருந்தவை அமெரிக்கா, பிரிட்டன், கிரீஸ் ஆகிய மூன்றே நாடுகள். 2022-இல் உக்ரைன்மீது முழுப் போர் தொடுக்கப்பட்ட பிறகுதான் உண்மையான மாற்றம் வந்தது. 2024-இல் 32 நாடுகளில் 23 நாடுகள் அதை எட்டும் என்று நேட்டோ மதிப்பிட்டது; 2025-இல் அனைத்து நாடுகளும் எட்டிவிடும் என்று கணித்தது. மாநாட்டு அறிக்கைகள் பத்தாண்டுகளில் செய்ய முடியாததை அண்டையில் எரிந்த போர் செய்தது.

சதவீதம் என்ற அளவுகோல் எதை மறைக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். கிரீஸ் எப்போதும் அந்தப் பட்டியலில் இருந்ததற்குக் காரணம் துருக்கியோடு அதற்குள்ள பழைய பகை. அந்தத் துருக்கியும் இதே கூட்டணியின் உறுப்பினர்தான். 2010-இல் கடன் நெருக்கடியில் மூழ்கிய பின்பும் சதவீதக் கணக்கில் கிரீஸ் முன்வரிசையிலேயே இருந்தது. நேட்டோவின் வரையறைப்படி ஓய்வுபெற்ற படைவீரர்களின் ஓய்வூதியமும் பாதுகாப்புச் செலவில் அடங்கும். ஆகவே மூத்த படைவீரர்களுக்குத் தரும் ஓய்வூதியமும் புதிய வான்பாதுகாப்பு ஏவுகணையும் அட்டவணையில் ஒரே மாதிரியாகத்தான் தோன்றும். பொருளாதாரம் சுருங்கினால், ஒரு யூரோகூடக் கூடுதலாகச் செலவிடாமலே சதவீதம் உயரும். பெருந்தொற்று பரவிய 2020-இல் அதுதான் பல நாடுகளில் நடந்தது. எண் எளிமையானது, மேடையில் சொல்ல வசதியானது என்பதற்காகவே அது நிலைத்துவிட்டது.

2025 ஜூன் 24, 25 தேதிகளில் ஹேக் நகரில் கூடிய மாநாடு அந்த எண்ணை 5 ஆக உயர்த்தியது. 2035-க்குள் 3.5 சதவீதம் நேரடிப் படைச் செலவுக்கும், 1.5 சதவீதம் வரை சாலை, பாலம், துறைமுகம், இணையப் பாதுகாப்பு, குடிமக்கள் தற்காப்பு போன்ற தொடர்புடைய செலவுகளுக்கும் ஒதுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஒவ்வொரு நாடும் ஆண்டுதோறும் தன் திட்டத்தைச் சமர்ப்பிக்க வேண்டும்; 2029-இல் மறு ஆய்வு நடக்கும். இரண்டாம் பகுதியின் எல்லை எவ்வளவு தளர்வானது என்பதற்கு இத்தாலியைப் பார்க்கலாம்: சிசிலித் தீவை நிலப்பரப்போடு இணைக்கத் திட்டமிடப்பட்டுள்ள மெசினா நீரிணைப் பாலத்தை இந்தக் கணக்கில் சேர்க்கலாமா என்று அங்கே தீவிரமாகவே பேசப்பட்டது.

மாநாட்டுக்குச் சில நாள்கள் முன்பு ஸ்பெயின் பிரதமர் பெட்ரோ சான்செஸ், தம் நாட்டுக்கு அந்த எண் பொருந்தாது என்று நேட்டோ தலைமைச் செயலாளர் மார்க் ருட்டேவுக்குக் கடிதம் எழுதினார். தமக்கு ஒதுக்கப்பட்ட படைத்திறன் இலக்குகளை 2.1 சதவீதத்திலேயே நிறைவேற்ற முடியும் என்பது அவர் வாதம். முடியாது, 3.5 சதவீதம் தேவைப்படும் என்பது நேட்டோவின் மதிப்பீடு. யார் சொல்வது சரி? ஸ்பெயின் குடிமகன் ஒருவரால் அதைத் தீர்மானிக்க முடியாது. ஏனெனில் எந்த நாடு எத்தனை படையணிகள், எத்தனை வான்பாதுகாப்புக் கருவிகள் தர வேண்டும் என்ற பட்டியல் ரகசிய ஆவணம். அந்த இலக்குகளை வகுக்கும் நடைமுறையில், ஒரு நாட்டுக்கான இலக்கை மற்ற அனைவரும் ஏற்றுக்கொண்டால் அந்த ஒரு நாட்டின் மறுப்பு மட்டும் அதைத் தடுத்து நிறுத்தாது. எதிரிக்குத் தெரியக் கூடாத விவரங்கள் உண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் விவரம் ரகசியமாகவும் சதவீதம் மட்டும் பகிரங்கமாகவும் இருக்கும்போது, நாடாளுமன்றம் எதை வாங்குகிறோம் என்று அறியாமல் விலைக்கு மட்டும் கைதூக்க வேண்டிய நிலை வருகிறது. மறுபுறம், சான்செஸும் மக்களாட்சியின் காவலராக நடந்துகொண்டார் என்று சொல்லிவிட முடியாது. 2025 ஏப்ரலில் 2 சதவீதத்தை எட்டுவதற்கான 1,047 கோடி யூரோ திட்டத்தை அவருடைய அமைச்சரவையே முடிவு செய்தது; நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு நடத்தப்படவில்லை. நாட்டின் பட்ஜெட்டே 2023-ஆம் ஆண்டினுடையது நீட்டிக்கப்பட்டு ஓடிக்கொண்டிருந்தது.

இந்தப் பணம் மூன்று வழிகளில்தான் வர முடியும்: புதிய வரி, வேறு செலவில் வெட்டு, கடன். ரஷ்யாவின் எல்லையோரம் உள்ள நாடுகள் வரியைத் தயங்காமல் கையில் எடுத்தன. எஸ்டோனியா 2025 ஜூலை முதல் மதிப்புக் கூட்டு வரியை 22-லிருந்து 24 சதவீதமாக்கியது. லித்துவேனியா நிறுவன வரியை 2025-இல் ஒரு புள்ளி உயர்த்தி 16 சதவீதமாக்கியது. அச்சம் அருகில் இருக்கும் இடத்தில் குடிமக்களிடம் நேரே சென்று கேட்பது அரசுகளுக்கு எளிதாகிறது. பிரிட்டன் வெட்டைத் தேர்ந்தெடுத்தது. 2025 பிப்ரவரி 25 அன்று பிரதமர் கெய்ர் ஸ்டார்மர், பாதுகாப்புச் செலவை 2027-க்குள் 2.5 சதவீதமாக உயர்த்தப்போவதாகவும், அதற்காக வெளிநாட்டு வளர்ச்சி உதவியைத் தேசிய வருமானத்தில் 0.5-லிருந்து 0.3 சதவீதமாகக் குறைக்கப்போவதாகவும் அறிவித்தார். அந்த உதவியை நிதிநிலை இடம் தரும்போது 0.7 சதவீதத்துக்கு மீட்பதாக அவருடைய கட்சி அதற்கு முந்தைய ஆண்டுத் தேர்தலில் வாக்குறுதி அளித்திருந்தது. மூன்று நாள்களில் வளர்ச்சித் துறை அமைச்சர் அன்னலீஸ் டாட்ஸ் பதவி விலகினார். அங்கே சுமை சென்று விழுந்த இடம், வாக்குரிமையே இல்லாத வெளிநாட்டு ஏழைகளின்மேல். அரசியல் கணக்கில் அது மலிவான வெட்டாகத் தோன்றியதற்குக் காரணமும் அதுவே. அதனாலேயே அது எனக்கு உறுத்துகிறது.

கடன் வழி மிகவும் சிக்கலானது. ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பு நாடுகள் 1992-ஆம் ஆண்டு மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்திலிருந்தே பற்றாக்குறையை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 3 சதவீதத்துக்குள்ளும் கடனை 60 சதவீதத்துக்குள்ளும் வைத்திருக்கக் கடமைப்பட்டவை. 2024-இல் இந்த விதிகள் திருத்தப்பட்டு, ஒவ்வொரு நாட்டுக்கும் பல ஆண்டுச் செலவுப் பாதை ஒன்று வகுக்கப்பட்டது. அந்த மை காய்வதற்குள், 2025 மார்ச் 4 அன்று ஒன்றிய ஆணையத் தலைவர் உர்சுலா வான் டெர் லெயன் 80,000 கோடி யூரோ வரை திரட்டக்கூடிய திட்டத்தை அறிவித்தார். அதில் 65,000 கோடி என்பது, பாதுகாப்புக்காக ஆண்டுக்கு உற்பத்தியில் 1.5 சதவீதம் வரை நான்கு ஆண்டுகளுக்கு விதியை மீறிச் செலவிட நாடுகளுக்கு விலக்கு அளித்தால் என்னவாகும் என்ற கணக்கு மட்டுமே. யாரிடமும் இருக்கும் பணம் அன்று. எஞ்சிய 15,000 கோடி ஒன்றியம் தன் பெயரில் கடன் வாங்கி நாடுகளுக்குக் கடனாகத் தருவது.

அந்த விலக்கை யார் கேட்டார்கள் என்பதில் இந்தத் திட்டத்தின் வரம்பு வெளிப்படுகிறது. 2025 ஜூலையில் 15 நாடுகளுக்கு அது வழங்கப்பட்டது. போலந்து, பால்டிக் நாடுகள், டென்மார்க், பின்லாந்து, கிரீஸ், போர்ச்சுகல் ஆகியவை அவற்றில் அடங்கும். பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் மூன்றும் அந்தப் பட்டியலில் இல்லை. விதி தளர்ந்தாலும் கடன் கொடுப்பவர் தளரமாட்டார். உற்பத்தியில் 130 சதவீதத்துக்கு மேல் கடன் வைத்திருக்கும் இத்தாலி, மேலும் கடன் வாங்க அனுமதி கிடைத்தாலும் அதற்கான வட்டியைத் தானே கட்ட வேண்டும். ஒன்றியத்தின் விதிகளை நீக்கிவிட்டால் நிதி வரம்பே மறைந்துவிடும் என்று எண்ணுவது, வெப்பமானியை உடைத்தால் காய்ச்சல் போய்விடும் என்று எண்ணுவதைப் போன்றது.

ஒன்றியம் தரும் 15,000 கோடி யூரோ கடனிலும் சம்மதம் பற்றிய கேள்வி எழுந்தது. படை நடவடிக்கைகளுக்கான செலவை ஒன்றியத்தின் பட்ஜெட்டிலிருந்து எடுக்கக் கூடாது என்று ஒன்றிய ஒப்பந்தத்தின் 41-ஆம் பிரிவு தடுக்கிறது. உக்ரைனுக்கான ஆயுத உதவியை ஈடுசெய்த ஐரோப்பிய அமைதி நிதி பட்ஜெட்டுக்கு வெளியே இயங்குவது இதனால்தான். புதிய கடன் திட்டத்தை 2025 மே 27 அன்று உறுப்பு நாடுகளின் அமைச்சர் அவை, ஒன்றியத்தின் மற்றோர் ஒப்பந்தத்தில் உள்ள, அவசரச் சூழலுக்கான 122-ஆம் பிரிவின்கீழ் நிறைவேற்றியது. அந்தப் பிரிவின்படி ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் வாக்கு தேவையில்லை. திட்டத்தின் நோக்கத்தை எதிர்க்காத அந்த நாடாளுமன்றமே, தன்னை ஒதுக்கியது தவறு என்று கூறி, ஒன்றிய நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது. 45 ஆண்டுகள் வரை திருப்பிச் செலுத்தக்கூடிய கடன் அது. அதைத் திருப்பிச் செலுத்தப்போகும் தலைமுறையில் பலர் இன்னும் பிறக்கவில்லை என்பதை எண்ணினால், அந்த வழக்கை வெறும் அதிகாரப் போட்டி என்று தள்ளிவிட முடியாது.

ஜெர்மனியின் கதை இன்னும் கூர்மையானது. 2009-இல் அரசமைப்பில் எழுதப்பட்ட 'கடன் தடை', நடுவண் அரசின் கட்டமைப்புப் பற்றாக்குறையை, அதாவது பொருளாதார ஏற்ற இறக்கத்தின் விளைவு நீங்கலான பற்றாக்குறையை, உற்பத்தியில் 0.35 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியது. 2022-இல் படைக்கென 10,000 கோடி யூரோ சிறப்பு நிதி ஒன்றை அமைக்க அரசமைப்பையே திருத்த வேண்டியிருந்தது. 2025 பிப்ரவரி 23 தேர்தலில் வென்ற பிரீட்ரிஹ் மெர்ஸ், பரப்புரையின்போது கடன் தடையைக் காப்பவராகத் தோன்றியவர். தேர்தல் முடிந்த சில நாள்களிலேயே, உற்பத்தியில் 1 சதவீதத்துக்கு மேற்பட்ட பாதுகாப்புச் செலவை அந்தத் தடையிலிருந்து விலக்கவும், 50,000 கோடி யூரோ உள்கட்டமைப்பு நிதி உருவாக்கவும் இணக்கம் கண்டார். புதிய நாடாளுமன்றத்தில் இதற்கான மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையைத் தடுக்கும் பலம் தீவிர வலதுசாரிக் கட்சிக்கும் இடதுசாரிக் கட்சிக்கும் சேர்த்துக் கிடைத்திருந்தது. ஆகவே புதிய அவை கூடுவதற்கு ஒரு வாரம் முன்பு, மார்ச் 18 அன்று, கலையவிருந்த பழைய அவையைக் கூட்டித் திருத்தம் நிறைவேற்றப்பட்டது. அரசமைப்பு நீதிமன்றம் அதைத் தடுக்க மறுத்தது. புதிய அவை கூடும் வரை பழைய அவைக்கு அதிகாரம் உண்டு என்பது சட்டப்படி சரியே. ஆனால் வாக்காளர் முந்தைய மாதம் தந்த தீர்ப்பு கணக்கில் வராதவாறு நேரம் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதையும் மறுக்க முடியாது. ஐரோப்பாவில் கடன் வாங்கும் வலிமை மிகுந்த நாட்டுக்கு அந்தத் திருத்தம் தேவை என்று நான் கருதுகிறேன். அது வந்த வழி, தேவையற்ற ஒரு காயத்தை விட்டுச் சென்றிருக்கிறது.

அதே ஜெர்மனியில்தான் பின்பற்றத்தக்க வழக்கமும் ஒன்று உண்டு. 2.5 கோடி யூரோவுக்கு மேற்பட்ட எந்த ஆயுத ஒப்பந்தமும் கையெழுத்தாவதற்கு முன் நாடாளுமன்ற பட்ஜெட் குழுவின் ஒப்புதலைப் பெற வேண்டும். படையை வெளிநாட்டுக்கு அனுப்பவும் நாடாளுமன்றத்தின் இசைவு வேண்டும் என்று 1994-இல் அரசமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவை காலத்தைத் தின்கின்றன என்ற குறை உண்டு. எனினும் பணம் எந்தக் கருவிக்கு, எவ்வளவு, எப்போது என்று மக்கள் பிரதிநிதிகள் ஒவ்வோர் ஒப்பந்தமாகப் பார்க்கிறார்கள். சதவீதத்தைவிட இது பொருளுள்ள கண்காணிப்பு. இதற்கு எதிர்முனையில் போலந்தைச் சொல்லலாம். உற்பத்தியில் 4 சதவீதத்துக்கு மேல் செலவிடும் அந்நாடு, அதன் கணிசமான பகுதியை அரசு வளர்ச்சி வங்கி நடத்தும் தனி நிதி மூலம், வழக்கமான பட்ஜெட்டுக்கு வெளியே கடனாகத் திரட்டுகிறது. தேவை உண்மையானது, மக்கள் ஆதரவும் இருக்கிறது. கணக்கு மட்டும் பார்வைக்குத் தொலைவில் இருக்கிறது.

நாடாளுமன்றத்தின் கையை வலுப்படுத்தச் சொல்லும்போது ஒரு நேர்மையான மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். நீர்மூழ்கிக் கப்பலோ போர் விமானமோ ஆணையிட்டுப் பெறப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகும். தேர்தல் நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும். ஒவ்வொரு புதிய அவையும் பழைய ஒப்பந்தத்தைக் கலைத்தால் பாதுகாப்பே அமையாது. இதற்கு நார்டிக் நாடுகள் கண்ட விடை, ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சிகளும் சேர்ந்து செய்துகொள்ளும் பல ஆண்டு உடன்பாடு. டென்மார்க்கின் தற்போதைய உடன்பாடு 2024 முதல் 2033 வரை நீள்கிறது. சுவீடனில் 2025 ஜூனில் நாடாளுமன்றத்தின் எட்டுக் கட்சிகளும் ஒன்றுசேர்ந்து, 2030-க்குள் 3.5 சதவீதத்தை எட்டவும், அதற்காக 30,000 கோடி குரோனா வரை கடன் வாங்கவும் ஒப்புக்கொண்டன. கடன் விஷயத்தில் மிகக் கண்டிப்பான நாடு அது. 1990-களின் நிதி நெருக்கடிக்குப் பின் தானே வகுத்துக்கொண்ட விதிகளைத் தளர்த்தும்போது, ஒருவரையும் வெளியே நிறுத்தாமல் செய்தது. ஆட்சி மாறினாலும் அந்த உடன்பாடு நிற்கும் என்று அண்டை நாடுகள் நம்ப அதுவே காரணமாகிறது.

பிரான்ஸில் இதற்கு மாறானதைக் கண்டோம். அங்கே 2024 முதல் 2030 வரை 41,300 கோடி யூரோ ஒதுக்கும் படைத் திட்டச் சட்டம் பெரும்பான்மையோடு நிறைவேறியிருந்தது. ஆனால் அது செலவைச் சொன்னதே தவிர, வரவைச் சொல்லவில்லை. 2025 ஜூலையில் பிரதமர் பிரான்சுவா பெய்ரூ, பாதுகாப்பு நீங்கலாகப் பெரும்பாலான செலவுகளை முடக்கி, ஏறத்தாழ 4,400 கோடி யூரோ சேமிக்கும் திட்டத்தை முன்வைத்தார். டென்மார்க் ஒரு விடுமுறையை நீக்கியதைப் போல, இரண்டு பொது விடுமுறைகளை நீக்குவதும் அதில் இருந்தது. செப்டம்பர் 8 அன்று 364-க்கு 194 என்ற வாக்குகளில் அவர் அரசு கவிழ்ந்தது. செலவுக்குச் சம்மதித்த அவை, அதற்கு இடம் உண்டாக்கும் வெட்டுக்குச் சம்மதிக்கவில்லை. இரண்டையும் ஒரே நாளில், ஒரே வாக்கெடுப்பில் கேட்டிருந்தால் ஒருவேளை செலவுச் சட்டமும் சிறியதாகியிருக்கலாம். ஆனால் அந்தச் சிறிய எண் நம்பத்தக்கதாக இருந்திருக்கும்.

மக்களிடம் நேரே கேட்டுவிடலாமே என்பதற்கு சுலோவேனியா ஓர் எச்சரிக்கை. 2025 ஜூலையில் அங்கே ஒரு சிறிய இடதுசாரிக் கட்சியின் முன்மொழிவில், பாதுகாப்புச் செலவு உயர்வு பற்றி ஆலோசனை வாக்கெடுப்பு நடத்த நாடாளுமன்றம் தீர்மானித்தது. அதற்கு விடையாகப் பிரதமர் ராபர்ட் கோலோப், அப்படியானால் நேட்டோவில் தொடர்வதா என்றே மக்களைக் கேட்போம் என்று எதிர் முன்மொழிவு வைத்தார். இரண்டு வாரங்களில் முதல் தீர்மானம் நடைமுறைக் காரணம் காட்டி நீக்கப்பட்டது. எதைப் பற்றியும் யாரும் வாக்களிக்கவில்லை. எவ்வளவு, எதற்கு, எந்த வருவாயிலிருந்து என்று கேட்கப்பட வேண்டிய கேள்வி, உள்ளே இருப்பதா வெளியேறுவதா என்று திரிக்கப்பட்டால், வாக்கெடுப்பும் தேர்வாகாது.

செலவைக் கூட்டாமலே பலத்தைக் கூட்டும் வழி ஒன்று இருக்கிறது, அது சேர்ந்து வாங்குவது. ஐரோப்பிய நாடுகள் 2007-லேயே, தளவாடக் கொள்முதலில் 35 சதவீதத்தைக் கூட்டாகச் செய்வது என்று இலக்கு வைத்தன, அதை எட்டவில்லை. ஒவ்வொரு நாடும் தன் பீரங்கி, தன் கவச வாகனம், தன் தொழிற்சாலை என்று பிடித்துக்கொள்வதால், சிறு சிறு எண்ணிக்கையில் அதிக விலைக்கு வாங்கப்படுகிறது; போர்க்களத்தில் ஒருவரின் உதிரிப்பாகம் மற்றவருக்குப் பொருந்துவதில்லை. இங்கே தடையாக இருப்பதும் உள்நாட்டு மக்களாட்சியின் ஒரு முகமே: தொழிற்சாலை இருக்கும் தொகுதிக்கு ஓர் உறுப்பினர் இருக்கிறார், வேலை இழக்கப்போகும் தொழிலாளருக்கு வாக்கு இருக்கிறது. வரி உயர்வைவிட இந்த விட்டுக்கொடுப்பு சிக்கனமானது என்பதை அந்த உறுப்பினர்களிடம் வெளிப்படையாக வாதிட்டு வெல்ல எந்தப் பெரிய அரசும் இதுவரை முழு மனத்தோடு முயன்றதாகத் தெரியவில்லை.

டென்மார்க்கில் பின்னர் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2025 பிப்ரவரியில் அரசு இரண்டு ஆண்டுகளுக்கு 5,000 கோடி குரோனர் கூடுதல் பாதுகாப்பு நிதியை அறிவித்தது. செலவு உற்பத்தியில் 3 சதவீதத்தைத் தாண்டும் நிலைக்கு வந்தது. குறைந்த கடனும் உபரி பட்ஜெட்டும் கொண்ட நாடு என்பதால் அதற்கு இன்னொரு விடுமுறையைப் பறிக்க வேண்டியிருக்கவில்லை. 2023-இல் எழுந்ததைப் போன்ற எதிர்ப்பும் எழவில்லை. நீக்கப்பட்ட பிரார்த்தனை நாள் ஆண்டுக்குத் தரும் 300 கோடியை இந்தத் தொகையோடு ஒப்பிடும்போது, அன்று அந்த நாளை எடுத்தே தீர வேண்டும் என்று சொன்ன கணக்கு எவ்வளவு வலுவானது என்ற கேள்வி அங்கே இன்னும் ஓயவில்லை.

2029-இல் நேட்டோ தன் மறு ஆய்வை நடத்தும்போது, ஹேக்கில் ஒப்புக்கொண்ட அரசுகளில் பெரும்பாலானவை ஒரு தேர்தலையாவது சந்தித்திருக்கும். சிலவற்றின் இடத்தில் அந்த வாக்குறுதியை ஒருபோதும் தராதவர்கள் அமர்ந்திருப்பார்கள். அந்த ஆய்வில் ஒவ்வொரு நாட்டின் செலவுப் பாதையும் படைத்திறனும் பார்க்கப்படும். அந்தச் செலவு எந்த நாட்டில் நாடாளுமன்ற விவாதத்துக்குப் பின் வந்தது, எந்த நாட்டில் அமைச்சரவை அறையிலேயே முடிந்தது என்பதைக் குறிக்க அந்த அட்டவணையில் ஒரு கட்டம்கூட இல்லை.